பாட்டை நிறுத்துகிறவர்

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டைக்குக் கீழே வரைபடத் தீவு போல வியர்வை, டேப்ரெக்கார்டரின் பொத்தான் மேல் வலது கையின் ஒரு விரல். அவருக்குப் பின்னால் நாற்காலிகளைச் சுற்றி ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர் திரும்பமாட்டார். பாட்டை நிறுத்துவார். கூச்சல் எழும். அது அடங்கும்வரை காத்திருந்து மறுபடி பொத்தானை அழுத்துவார். யார் உட்கார்ந்தார், யார் வெளியே போனார் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் அவர் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளர். நான் அங்கே ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் பிரிவில் இருந்தேன். 1993இல் சேர்ந்தேன். எதையும் நாள், கிழமையோடு குறித்துவைப்பது என் பழக்கம். இவரைப் பற்றிய நாட்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றையெல்லாம் இங்கே போட்டால் இது புகார் மனு மாதிரி ஆகிவிடும். ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொழிற்சாலையில் எல்லோரும் அவரை மியூசிக் சார் என்பார்கள். ஆண்டு விழாவில் நாற்காலி ஆட்டத்துக்குப் பாட்டுப் போடுவது எப்போதும் அவர்தான். ஆனால் முதுகு காட்டி நிற்பது ஆட்டத்தில் மட்டும் இல்லை. சிறுவயதில் கொய்யாப்பழத்தைப் பங்கு வைக்கும்போது ஒருவன் திரும்பி நிற்பான், இன்னொருவன் ஒரு துண்டைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான், திரும்பி நிற்பவன் பெயர் சொல்வான். எல்லோரும் விட்டுவிட்டு வந்த அந்த முறையை அவர் மட்டும் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்திருந்தார். பிரியாணிப் பொட்டலம் வந்தாலும் அப்படித்தான், தீபாவளிப் பெட்டி வந்தாலும் அப்படித்தான். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசை யாருக்கு என்பதைக்கூட அவர் சுவரைப் பார்த்து நின்றுதான் சொன்னார்.

ஆரம்பத்தில் எங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. யாருக்கு யார் மாமன், யார் எந்தத் தெரு, யார் எந்தக் கோயில் என்று பார்த்துப் பார்த்தே எல்லாம் நடக்கிற இடத்தில், பார்க்கவே மாட்டேன் என்று ஒருவர் இருப்பது பெரிய ஆறுதல். ஒரு தீபாவளிக்கு மேனேஜருடைய மைத்துனருக்கு நசுங்கிப்போன இனிப்புப் பெட்டி விழுந்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், எங்க ஆளுக்கே இப்டியா?"

"உங்க ஆளுன்னு எனக்கு எப்டி சார் தெரியும்? நான் பாக்கவே இல்லியே."

இதைச் சொல்லிச் சொல்லி காண்டீனில் நாங்கள் வாரக் கணக்கில் சிரித்தோம்.

சர்ச்சில் அவர் பாடம் எடுக்கிற ஞாயிறு பள்ளியில் தேர்வுத் தாள் திருத்தும்போது பெயர் இருக்கும் இடத்தை மடித்து ஒட்டிவிடுவார். ஒரு வருடம் அவருடைய மகளே அவர் கையால் தோற்றாள். அதை எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னார். அவர் மனைவி தொழிற்சாலை விழாவுக்கு வந்திருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. அந்தம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெத்த புள்ள கையெழுத்துகூட தெரியாத அளவுக்கு நியாயஸ்தரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

என் அண்ணன் அதே தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவில் இருந்தான். தோலை விரித்து, அதன்மேல் ஷூவின் பாக அளவில் செய்த இரும்பு அச்சை வைத்து, பிரஸ்ஸை இறக்கி வெட்டுகிற வேலை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு இடி. வரிசையாக பிரஸ்கள் இடிக்கிற அந்தக் கூடத்தில் அவன் பத்து வருடத்துக்கு மேல் நின்றான். காது மெல்ல மெல்லப் போனது. விரிஞ்சிபுரத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். வலப்பக்க சீட்டில் ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்தால் நான் பேசுவது அவனுக்குக் கேட்கும், அவன் உட்கார்ந்தால் கேட்காது. வலது காதில்தான் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டில் அண்ணி கத்திப் பேசப் பழகிவிட்டார். தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள்.

1999இல் புது மேனேஜர் வந்தார். பிரஸ் முன்னால் நிற்பவனுக்குக் காது கேட்கவேண்டும், நிறுத்து என்று கத்தினால் கை நிற்கவேண்டும் என்பது அவர் சட்டம். அது தப்பில்லை. ஆனால் காது எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. வந்த சில மாதங்களில் வெட்டுப் பிரிவில் காது மந்தமான மூத்த ஆள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார். அதிலிருந்து அண்ணன் பயந்தே வேலைக்கு வந்தான். இன்னும் நான்கு வருடம் பிரஸ்ஸில் நின்றுவிட்டால் மகன்களில் பெரியவனுடைய பாலிடெக்னிக் முடிந்துவிடும் என்பது அவன் கணக்கு.

அந்த வருட ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு பேர் நாற்காலி ஆட்டம் ஆடியே ஆகவேண்டும் என்று உத்தரவு. ஆட்களை எடுப்பது மியூசிக் சார். அவர் சுவரைப் பார்த்து நின்றார். சூப்பர்வைசர் மேசைமேல் இருந்த, ஆட்களின் எண் போட்ட டோக்கன்களை ஒவ்வொன்றாகத் தொட்டு "இவரு?" என்று கேட்டார். அவர் "வேணாம்", "வேணாம்", "ஆடட்டும்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு "ஆடட்டும்" அண்ணனுடைய டோக்கன்மேல் விழுந்தது.

ஆடாவிட்டால் மேனேஜரிடம் காரணம் சொல்லவேண்டும். அந்தக் காரணத்தைத்தான் சொல்ல முடியாது. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணனை அவருடைய அறைக்குக் கூட்டிப்போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. குளிரில் சில்லிட்ட தரையில் நின்றோம். அவர் நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்றார். அண்ணன் நின்றுகொண்டே இருந்தான். நான் தோளைத் தொட்டு உட்காரவைத்தேன்.

"சார், காது கொஞ்சம் மந்தம்" என்றான் அண்ணன். "கிட்ட வந்து பேசுனா கேக்குது. பாட்டு ஸ்பீக்கர்ல போனா எப்ப ஓடுது எப்ப நிக்குதுன்னு பிடிபட மாட்டேங்குது. நிறுத்தும்போது ஒரு தபா இடது கைய தூக்குங்க சார். அத பாத்து உக்காந்துக்கறேன். ஜெயிக்கணும்னு இல்ல. மொத ரவுண்ட்லயே அவுட் ஆனாலும் சரி, நாலு பேரு மாதிரி ஒழுங்கா அவுட் ஆவணும்."

அவர் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார்.

"உங்களுக்காக நான் கை தூக்குனா, அடுத்த வருஷம் இன்னொருத்தர் வந்து எனக்காக இருமுங்கன்னு சொல்வாரு. நான் யாரையும் பாக்கறதில்ல. அதனாலதான் என்மேல எல்லாருக்கும் நம்பிக்கை."

"நீங்க திரும்ப வேணாம் சார்" என்றேன் நான். "திரும்பாமலே கை தூக்கலாமே. எல்லாருக்கும் தெரியறாப்ல தூக்குங்க. எல்லாருக்கும் ஒண்ணுதான அது?"

கொஞ்சம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இல்ல தம்பி. இது காதால ஆடற ஆட்டம். கண்ணால ஆடுனா அது வேற ஆட்டம் ஆயிடும்." பிறகு அண்ணன் பக்கம் குனிந்து, கேட்கும்படி சொன்னார். "ஒண்ணு. இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

அந்த வார்த்தையை அவர் கடைசிவரை காப்பாற்றினார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் லாரி நிற்கும் இடத்தில் பந்தல். காண்டீனிலிருந்து சிவப்பு ஒயர் நாற்காலிகளைக் கொண்டுவந்து வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேனேஜர் முன் வரிசையில் இருந்தார். அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். முன்னால் போகிறவரின் இடுப்பையே பார்த்துக்கொண்டு ஓடினான். அவர் மடங்கினால் இவனும் மடங்கினான். முதல் சுற்று தப்பினான். இரண்டாவது சுற்றும் தப்பினான். எனக்கு மூச்சு வந்தது.

முன்னால் ஓடியவர் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில் ஒரு குறும்புக்காரர். மூன்றாவது சுற்றில் அவர், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, உட்காருவது போல ஒரு பாவ்லா காட்டிவிட்டு எழுந்து ஓடினார். நாற்காலி ஆட்டத்தில் எல்லோரும் செய்கிற வேடிக்கைதான். அண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு முழங்கிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் சுற்றி ஓடுகிறார்கள். என் அண்ணன் மட்டும் நாற்காலியில், இரண்டு கையையும் முட்டியில் வைத்து, இடம் கிடைத்துவிட்ட நிம்மதியில் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "டேய், பாட்டு ஓடுதுடா! எழுந்திரிடா!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவனும் பெரிதாகச் சிரித்தான். தான் ஜெயித்ததற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். மியூசிக் சார் திரும்பவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. பின்னால் அத்தனை சிரிப்பு எதற்கு என்று ஒரு முறை தலையைத் திருப்பியிருந்தால், விரலை அழுத்தியிருந்தால், அது வேடிக்கையாகவே முடிந்திருக்கும். பாட்டு சரணம் முழுக்க ஓடியது. மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டதை நான் பார்த்தேன்.

பொங்கலுக்கு முன்பே அண்ணனை பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். குப்பை வாருகிற வேலை தந்தார்கள். அதில் இரண்டு மாதம் நின்றான். அவனோடு பிரஸ்ஸில் நின்றவர்கள் அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உட்காருவது போல மடங்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, விளையாட்டுத்தான். அவனே ஒரு நாள் வேலையை விட்டான். ஊர்ப் பக்கம் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குகிற கொட்டகையில் சேர்ந்தான். பெரியவனுடைய பாலிடெக்னிக் பாதியில் நின்றது.

மியூசிக் சார் மறுவருடமும் பாட்டுப் போட்டார்.

2003இல் தொழிற்சாலை சென்னையிலிருந்து மென்பொருள் வாங்கியது. கம்ப்யூட்டர் அறையை மூடினார்கள். அவர் ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் வைத்தார். நான் மின்னஞ்சல் பார்க்கவும், படிக்கக் கிடைக்காத புத்தகங்களைத் தேடவும் அங்கே போவேன். ஆம்பூரில் அப்போது அவர் கடையில்தான் இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தது. வேறு காரணம் இல்லை.

2007இல் ஒரு நாள் அவர் உற்சாகமாக என்னைத் தன் திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். இணையத்தில் அப்போது மெய்நிகர் உலகம் ஒன்று பேச்சாக இருந்தது. உலகம் முழுக்க இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடப்பார்கள், வீடு கட்டுவார்கள், விருந்து வைப்பார்கள். அங்கே இருக்கும் எந்தப் பொருளுக்குள்ளும் நிரல் எழுதி வைக்கலாம். கதவைத் தொட்டால் திறக்கும், விளக்கைத் தொட்டால் எரியும். வெளிநாட்டு அம்மாள் ஒருவர் அங்கே தன் மாளிகையில் விருந்து நடத்துகிறவர். விருந்தில் ஆட நாற்காலி ஆட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தார். இவர் அதை எழுதிக்கொண்டிருந்தார்.

திரையில் வட்டமாக நாற்காலிகள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. காண்டீன் நாற்காலிகள், சிவப்பு ஒயர் பின்னியது. மூலையில் டேப்ரெக்கார்டரோடு ஒரு பொம்மை திரும்பி நின்றிருந்தது.

"அது யாரு சார்?"

"நான்தான். பாட்டு தானா நிக்கும், ஆளே தேவையில்ல. சும்மா இருக்கட்டும்னு வெச்சேன்."

"முன்னாடி காட்டுங்க."

மவுஸை இழுத்துச் சுற்றிக் காட்டினார். முகம் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. "யாரு பாக்கப் போறாங்க? மெனக்கெடல" என்றார்.

அடுத்த முறை போனபோது அவர் முகம் வாடியிருந்தது. அந்த அம்மாள் குறை சொல்லி எழுதியிருந்தார். இணைப்பு மெதுவாக உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்கள் எல்லாச் சுற்றிலும் தோற்கிறார்களாம்.

"யோசிச்சுப் பாரு தம்பி" என்றார். "பாட்டு இங்க நின்னுடுது. அது நின்ன சேதி அவங்களுக்கு லேட்டாத்தான் போய்ச் சேருது. அதுக்குள்ள பக்கத்து ஆளு உக்காந்துடறான். இதுல அவங்க தப்பு இன்னா இருக்குது?"

நான் அவரையே பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டார். ஆட்டம் தொடங்குமுன் நிரல் ஒவ்வொருவருக்கும் சேதி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொள்ளும். தாமதமாகக் கேட்கிறவருக்கு அவ்வளவு நேரத்தைக் கழித்துக் கொடுக்கும். அதோடு, பாட்டு நிற்கும்போது நாற்காலிகள் எல்லாம் சிவப்பாக எரியும்.

"லைட்டு எதுக்கு சார்?"

"சில பேரு சவுண்ட் வெச்சிக்கிறதில்ல. சில பேருக்குக் காது கேக்காதாம். அந்தம்மா சொன்னாங்க. கேக்காதவங்க கண்ணால பாத்துக்கலாம், இல்ல?"

"எங்க அண்ணனும் இதத்தான் கேட்டான் சார்."

"எந்த அண்ணன்?"

சொன்னேன். ஆண்டு விழா, முந்தின நாள் சாயங்காலம், இடது கை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"ஒருத்தர் வந்து கேட்டது ஞாபகம் இருக்குது. அது உங்க அண்ணனா? மறுநாள் இன்னா ஆச்சு?"

"எல்லாரும் சிரிச்சாங்களே சார். அவ்ளோ நேரம்."

"சிரிச்சாங்க. யாரோ காமெடி பண்றாங்கன்னு நெனச்சேன். நான்தான் பாக்கலியே தம்பி."

"அப்புறம் அவன பிரஸ்லேருந்து எடுத்தாங்க. அந்த இடமாத்தத்த கம்ப்யூட்டர்ல ஏத்துனதே நீங்கதான்."

"எனக்கு டோக்கன் நம்பர்தான் வரும். பேரு வராது."

பொய் சொல்லவில்லை. ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் அவரை வெறுக்க எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திடீரென்று முகம் மலர்ந்து, "அவர இங்க கூட்டிட்டு வா" என்றார். "ஆடட்டும். இதுல அவருக்கு ஒரு குறையும் இருக்காது."

வீட்டில் சொன்னபோது அண்ணன் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டான். "அவரு கூப்ட்டாரா?" என்று சிரித்தான். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினான்.

மியூசிக் சார் அவனுக்கு ஒரு பொம்மை தயார் செய்து வைத்திருந்தார். டீ வாங்கி வரச் சொன்னார். உப்பில் வெடித்த விரல்களால் அண்ணன் மவுஸைப் பிடித்தான். அவர் அண்ணனின் காதருகே குனிந்து, எந்த விசையில் நடப்பது, எதைத் தொட்டால் உட்காருவது என்று சொல்லித் தந்தார். முதல் சுற்று பழக்கச் சுற்றாம். ஆளுக்கு ஒரு நாற்காலி உண்டு, யாரும் வெளியே போகவேண்டாம். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் பாட்டு மறுபடி ஆரம்பிக்கும். ஆட்டத்தைச் சோதிக்க அந்த அம்மாளும் அவருடைய நண்பர்கள் சிலரும் வந்திருந்தார்கள்.

அவர் பக்கத்துத் திரைக்குப் போய் எண்களைப் பார்க்க உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. இறகு வைத்த பெண்கள், கோட்டுப் போட்ட ஆண்கள், நடுவில் அண்ணனுடைய பொம்மை, எல்லோரும் வட்டமாக நடந்தார்கள். அண்ணன் வேகமாகக் கற்றுக்கொண்டான். பாட்டு நின்றது. நாற்காலிகள் சிவப்பாக எரிந்தன. பொம்மைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. உட்கார்ந்ததும் அந்தந்த நாற்காலியின் சிவப்பு அணைந்தது.

அண்ணன் நடந்துகொண்டே இருந்தான்.

சிவப்பு எரிகிற ஒரே நாற்காலியைத் தாண்டினான். இன்னொரு சுற்று சுற்றி வந்தான். மறுபடி தாண்டினான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். விளக்கை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"பாட்டு நின்னுடுச்சு பா, உக்காருங்க" என்றார் அவர், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம், "இவருக்கு லைன் ரொம்ப ஸ்லோ போல. டிலே ஜாஸ்தி குடுக்கணும்" என்று எண்ணை மாற்றினார். நாற்காலி எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் மறுபடி சுற்றினான். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். உட்கார்ந்திருந்த பொம்மைகளின் தலைக்குமேல் கேள்விக்குறிகள் வர ஆரம்பித்தன.

அண்ணன் மவுஸிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தான். டீயைக் குடித்து முடித்தான். காது கேட்காதவர்களின் உரத்த குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி, "நாக்காலி நல்லாத்தான் பண்ணிருக்காரு" என்றான். எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டினான்.

நான் பின்னால் ஓடினேன். சந்து முனைக்குப் போவதற்கு முன் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இருந்த இடம் காலியாகிவிட்டதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. திரையில் அந்த ஒரு நாற்காலி மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவர் அண்ணனுக்காக ஆட்டம் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.